தனிமை கேட்கும் காதுக்கு நீள்கழுத்து: சேலம் வெயிலிலும் ஏற்காட்டு ஈரத்திலும் துருக்கி பாலாமா

முஸ்லும் குர்செஸ், நெஷெத் எர்தாஷ், ஒர்ஹான் கென்ஜெபாய் என்று துருக்கிப் பாடகர்களைக் கேட்டுப் பழகி, அந்த ஓசையைத் தன் கையாலேயே எழுப்பிப் பார்க்க ஆசைப்பட்டு, பாலாமா என்ற துருக்கித் தந்திக்கருவியை வாங்க நினைப்பவருக்கு முதல் வார்த்தை: குட்டைக்கழுத்தை வாங்காதீர்கள். இணையத்தில் விற்பவர்கள் அதைத்தான் முன்னே தள்ளுவார்கள். பெட்டி சிறியது, அனுப்பும் செலவு குறைவு, புதியவர் கைக்கு எட்டும் என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் துருக்கி நாட்டுப்பாடலிலும், அரபெஸ்க் என்ற நகரத்துச் சோகப்பாட்டிலும் நெஞ்சைப் பிடிக்கும் அந்த ஆளற்ற உணர்வு நீள்கழுத்தில்தான் குடியிருக்கிறது. தந்திகளுக்குச் சுருதி கூட்டும் முறையிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

இங்கே மதிப்பிடுவது துருக்கியில் செய்து ஏற்றுமதியாகும் நடுத்தர ரக நீள்கழுத்து பாலாமாவை. சாஸ் என்றும் சொல்வார்கள். குடம் 42 செ.மீ., கழுத்து ஏறத்தாழ 55 செ.மீ., அதிரும் தந்தியின் நீளம் சுமார் 88 செ.மீ. மொத்தக் கருவி 115 செ.மீ.யைத் தாண்டும். மூன்று வரிசையில் ஏழு தந்தி: கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே இரண்டு. சுரம் பிடிக்க விரல் அழுத்தும் மெட்டு (ஃபிரெட்) 23, சிலவற்றில் 24. மெட்டுகள் உலோகம் கிடையாது. நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், நகர்த்தலாம். குடம் மல்பெரி மரம், மேல்பலகை ஸ்ப்ரூஸ், கழுத்து ஹார்ன்பீம் அல்லது பீச். பட்டுப்பூச்சிக்கு இலை பறிக்கிறோமே, அதே மல்பெரி இனம்தான். நம் பக்கம் புதராகவே வெட்டிவிடுவதால் மரம் பருக்க விடுவதில்லை. இந்த ரகத்துக்குத் துருக்கி விற்பனையாளர்கள் பொதுவாக 150 முதல் 300 டாலர் வரை கேட்கிறார்கள். அனுப்பும் செலவும் சுங்கமும் தனி.

இனி அந்தக் காரணத்துக்கு வருவோம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நீள்கழுத்தில் வழக்கமான சுருதி அமைப்பின் பெயர் பொஸுக் துஸென். மேற்கத்திய சுரப்பெயரில் சொன்னால் கீழ்த் தந்தி லா (A), நடுத் தந்தி ரே (D), மேல் தந்தி சோல் (G). லாவை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ரே என்பது மந்தர மத்திமம், சோல் என்பது மந்தர கைசிகி நிஷாதம். பஞ்சமம் எங்குமே இல்லை. தம்புராவில் பஞ்சமமும் ஷட்ஜமும் மாறி மாறி ஒலித்துப் பாடகரைத் தாங்கி நிற்கும். இங்கே அந்தத் தாங்கல் கிடையாது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. லா ஆதாரமாக வரும் பாடல்களில் ஷட்ஜம் ஒலிப்பது கீழ்த் தந்தி திறந்திருக்கும்போது. பாட்டை வாசிப்பதும் பெரும்பாலும் அதே தந்தியில்தான். விரல் மேலே ஏறிய நொடியில் ஷட்ஜம் நின்றுவிடுகிறது. மத்திமமும் நிஷாதமும் மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருக்க, பாட்டு தன் ஊரை விட்டுத் தொலைவில் அலைந்துவிட்டு, கடைசி அடியில் விரல் முழுவதும் இறங்கி வந்த பிறகுதான் ஆதார சுரம் மறுபடி கேட்கும். தேர்ந்த வாசிப்பாளர்கள் மேல் தந்தியின் மூன்றாம் மெட்டைக் கட்டைவிரலால் அழுத்தி லாவை வரவழைப்பார்கள். அதையும் முடிவுக்கென்றே சேமித்து வைப்பார்கள்.

குட்டைக்கழுத்தில் அதிரும் தந்தி 70 செ.மீ.க்குப் பக்கத்தில், மெட்டு 19. அங்கே வழக்கமான அமைப்பில் ஆதார சுரம் மேல் தந்தியிலேயே திறந்து கிடக்கிறது. எங்கே போனாலும் ஷட்ஜம் கூடவே வரும். மூன்று தந்தியிலும் மாறி மாறி வாசிப்பதால் ஒரு வரி முழுவதும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும். துருக்கியின் அலெவி சமயப் பிரிவினரின் வழிபாட்டுப் பாடல்களுக்கு அது எவ்வளவு பொருத்தமானது என்று சொல்ல வேண்டியதில்லை. கூடி உட்கார்ந்து பாடும் பாட்டு அது. 1980களில் ஆரிஃப் சா போன்ற பாலாமாக் கலைஞர்களின் வாசிப்பால் நகரத்து இளைஞர்களிடமும் பரவி, இன்று புதிதாகக் கற்பவர் பலருக்கும் முதல் கருவியாக இருக்கிறது. விரலாலேயே மீட்டும் ஷெல்பே முறைக்கும் அதுதான் ஏற்றது. ஆனால் தனிமைக்கு வாங்குகிறவர் அதை வாங்கினால் சில மாதத்தில் ஏதோ குறைகிறது என்று தோன்றும். என்னவென்று பிடிபடாது.

நடுத் துருக்கியில் உள்ள கிர்ஷெஹிர் வட்டாரத்துப் பொஸ்லாக் பாடல்களைக் கவனித்துக் கேளுங்கள். தாளம் இல்லை. குரல் உச்சியில் தொடங்கும், படிப்படியாக இறங்கும். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இறக்கம் புதிதாக இருக்காது. பொருளும் பெரும்பாலும் பிரிவு, சாவு, பிழைக்கப் போன ஊர். பெரும்பான்மை பொஸ்லாக்குகள் குர்தி என்ற சுரவரிசையில் அமைந்தவை. அதன் முதல் நான்கு சுரம் நம் தோடியின் பூர்வாங்கம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே குரல் ஓய்ந்திருக்கும்போது பாலாமா மூன்று தந்தியையும் சேர்த்து அடித்துக்கொண்டே இருக்கும். மல்பெரிக் குடத்தில் ஓசை கூர்மையாக எழும், சீக்கிரம் அடங்கும். அதனால்தான் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாடல் மரபின் பெரிய பெயர் நெஷெத் எர்தாஷ் (1938–2012). தந்தை முஹர்ரெம் எர்தாஷும் பொஸ்லாக் பாடகரே. ஊர் ஊராகத் திருமணங்களுக்கு வாசித்துப் பிழைத்த அப்தால் சமூகத்தார். நெஷெத் 1970களின் இறுதியில் விரல்கள் செயலிழந்து ஜெர்மனிக்குச் சென்று அங்கேயே பல ஆண்டுகள் இருந்தார். அங்கே அவரைக் கேட்டவர்கள், துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் 1961இல் செய்துகொண்ட வேலையாள் ஒப்பந்தத்துக்குப் பிறகு தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடியேறிய துருக்கியர்கள்.

அரபெஸ்க் இதன் நகரத்து வாரிசு என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1934இல் துருக்கி வானொலியில் உள்நாட்டு மரபிசையை நிறுத்தி வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அந்தத் தடை நீடித்தது. மக்கள் கெய்ரோ வானொலியைத் திருப்பினார்கள். பின்னாலேயே எகிப்தியத் திரைப்படங்கள் வந்தன. வயலின் கூட்டம் ஒரே குரலாக இழுத்து வாசிக்கும் அந்த முறை அங்கிருந்து வந்தது. பிறகு கிராமத்திலிருந்து இஸ்தான்புல்லுக்கும் அதானாவுக்கும் குடிபெயர்ந்து, ஊர் எல்லையில் ஒரே இரவில் எழுப்பிய வீடுகளில் வாழ்ந்தவர்கள் அதைத் தங்கள் இசையாக்கிக் கொண்டார்கள். ஒர்ஹான் கென்ஜெபாய் 1960களின் கடைசியில் மின்பாலாமாவையும் வயலின் கூட்டத்தையும் ஒன்று சேர்த்தார். ஃபெர்தி தைஃபூர் (1945–2025), முஸ்லும் குர்செஸ் (1953–2013), பெர்கென் (1958–1989) எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். அரசு வானொலி நெடுங்காலம் இவர்களை ஒதுக்கி வைத்தது. கேசட்டும் மினிபஸ்ஸும் லாரியும்தான் இவர்களைச் சுமந்தன. சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவு முழுக்க ஓட்டுகிறவனுக்கு எந்தப் பாட்டு துணை என்று அவர்களுக்குத் தெரியும்.

அரபெஸ்க் வரிகளில் எப்போதும் ஒரு தப்பித்தல் உண்டு. குடி, விதி, பாராத காதலி, இந்த உலகமே வேண்டாம் என்ற சலிப்பு. ஆனால் இசையமைப்பு தப்ப விடாது. பாடகர் ஒரு வரி முடித்ததும் வயலின்கள் அதே இறக்கத்தைத் திரும்பச் சொல்லும். ஹிஜாஸ் என்ற வரிசை அடிக்கடி வரும். பூர்வாங்கம் மாயாமாளவகௌளை, உத்தராங்கம் சில இடங்களில் வகுளாபரணம், சில இடங்களில் சக்ரவாகம். இது வரை ஆர்மோனியத்திலும் வாசித்துவிடலாம். உஷ்ஷாக் என்ற வரிசை வந்தால் முடியாது. அதன் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் உட்காரும். துருக்கியர் ஒரு முழுச் சுரத்தை 9 கொமாவாகப் பிரிக்கிறார்கள், ஸ்தாயிக்கு 53. இந்தச் சுரம் ஆதாரத்திலிருந்து ஏட்டுக் கணக்கில் 7 கொமா, அதாவது 158 சென்ட் (ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்). வாசிப்பில் 150 பக்கம் இறங்கும், கீழ்நோக்கி வரும்போது இன்னும் தாழும். பாலாமாவில் இதற்கென்று தனி மெட்டு இருக்கிறது. மேலிருந்து இரண்டாவது. இந்தக் கருவியை வாங்கும் பணத்தில் பாதி அந்த ஒரு மெட்டுக்குத்தான் என்றே சொல்லலாம்.

அந்த மெட்டுதான் முதலில் கெடும். பயணத்தில் நைலான் கட்டு நழுவிவிடுகிறது. 88 செ.மீ. தந்தியில் நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்தி ஏறி நிற்கும் மேட்டிலிருந்து, இரண்டாம் மெட்டு ஏறத்தாழ 7.5 செ.மீ.யில் இருக்க வேண்டும். முதல் மெட்டு 4.5 முதல் 4.9, மூன்றாவது 9.8. அந்த இடத்தில் 1 மி.மீ. நகர்ந்தால் சுருதி 2 சென்ட் மாறும். அரை செ.மீ. நழுவினால் 11 சென்ட். உஷ்ஷாக் வெறும் பிசகாகக் கேட்க அது போதும். கைபேசியில் சென்ட் காட்டும் ட்யூனர் செயலியை வைத்து, திறந்த லாவைப் பூஜ்யமாக்கி ஒவ்வொரு மெட்டாகச் சரிபாருங்கள்: 90 முதல் 100, 150 முதல் 160, 200 முதல் 204, ஏழாம் மெட்டில் 498. கண்ணால் பார்த்துச் சரி என்று விடக் கூடாது. ஏற்றுமதிக் கருவிகள் பலவற்றில் மெட்டு வேலைதான் அவசரமாக நடந்திருக்கும். மரம் குறை சொல்ல முடியாதபடி இருந்தும் கருவி வாசிக்க முடியாமல் போவது இதனால்தான்.

மெட்டைப் புதிதாகக் கட்ட 0.8 அல்லது 0.9 மி.மீ. தங்கூசி நரம்பு வேண்டும். மேட்டூர்ப் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஒரு மெட்டுக்கு 60 செ.மீ., 23 மெட்டுக்கு 14 மீட்டர். கழுத்து நட்டுப் பக்கம் சற்று மெலிந்தும் குடத்துப் பக்கம் பருத்தும் இருக்கும். ஆகவே சேர வேண்டிய இடத்துக்கு அரை செ.மீ. நட்டுப் பக்கமாகத் தள்ளி, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நான்கு சுற்று இறுக்கிச் சுற்றி, முடிச்சைக் கழுத்தின் மேல்விளிம்பில் போட்டு, பிறகு குடத்துப் பக்கம் நகர்த்துங்கள். நகர நகரத் தானே இறுகும். மீதி நுனியை ஊதுபத்தி நெருப்பில் தொட்டு உருக்கிவிட்டால் முடிச்சு அவிழாது. தீக்குச்சி வேண்டாம், கழுத்து மெருகு கருகும்.

கருவி வீட்டுக்கு வந்தவுடன் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் அறையிலேயே விட்டுவிடுவது நல்லது. விமானக் குளிரிலிருந்து சேலத்துச் சூட்டுக்கு வந்த பலகை உடனே தந்தி இழுவையைத் தாங்குவது கடினம். நல்ல விற்பனையாளர் தந்தியைத் தளர்த்தி, மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் குதிரையை (பிரிட்ஜ்) துணியில் சுற்றித் தனியாக அனுப்புவார். குதிரை ஒட்டியிருக்காது, தந்தி அழுத்தத்தில் மட்டும் நிற்கும். அதை எங்கே நிறுத்துவது? நட்டிலிருந்து 17ஆம் மெட்டு வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 44 செ.மீ. என்றால் 88. அதற்கு மேல் ஒன்றிரண்டு மி.மீ. கொடுங்கள். 17ஆம் மெட்டை அழுத்தினால் வரும் சுரமும், அதே இடத்தில் தந்தியை மெல்லத் தொட்டால் எழும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. முதலில் நடுத் தந்தி, பிறகு கீழ், கடைசியாக மேல். ஒரு சுற்று முடிந்ததும் கழுத்து இழுபட்டு முதலில் கூட்டியது இறங்கியிருக்கும். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போக வேண்டும்.

தந்தி தடிமன் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். நீள்கழுத்துக்கு 0.18 செட், குட்டைக்கழுத்துக்கு 0.20 செட் என்பது பொது வழக்கு. 0.18 மி.மீ. எஃகுத் தந்தியை 88 செ.மீ. நீளத்தில் ஆறு கட்டைக்கு, அதாவது 220 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் தந்தி ஒன்றுக்கு 3 கிலோ இழுவை வரும். கைக்கு இதமான அளவு. கூடவே பாடுகிறவர் ஐந்து கட்டைக்காரர் என்றால் அதே தந்தி 2.4 கிலோவுக்குத் தளர்ந்து, மெட்டில் மோதி இரையும். அப்போது கீழ்த் தந்திக்கு 0.20 போட்டால் மறுபடி 3 கிலோ. பாடகர் கட்டையைச் சொல்லி அதற்கேற்ற செட் வாங்குங்கள். நடுத் தந்திக்கு 0.28 முதல் 0.30. கீழ் வரிசையில் ஒரு தந்தி மட்டும் மேலே கம்பி சுற்றிய சுற்றுத் தந்தி, ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அதைத் துருக்கியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஒரு செட்டோடு நிறுத்தாமல் மூன்று நான்காகவே வாங்கிவிடுங்கள்.

அவசரத்துக்குச் சேலத்து இசைக்கருவிக் கடைகளில் கிதார் தந்தி வாங்கி மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டாம் நம்பர் எலெக்ட்ரிக் கிதார் செட்டின் முதல் தந்தி 0.20 மி.மீ. தான், தடிமன் பொருந்தும். நீளம் எட்டாது. நீள்கழுத்துக்குக் குடத்தின் அடி தொடங்கி, தந்தியை முறுக்கும் பிரடை வரை 120 செ.மீ. வேண்டும், கிதார் தந்தி ஏறத்தாழ ஒரு மீட்டர். குட்டைக்கழுத்துக்குச் சரியாக வரும். நீள்கழுத்துக்கு சிதார், வீணைக்கு விற்கும் எஃகுக் கம்பிச் சுருளைக் கேளுங்கள். மியூசிக் வயர் கணக்கில் இரட்டைப் பூஜ்யம் 0.20, மூன்று பூஜ்யம் 0.18, மூன்றாம் நம்பர் 0.30. நுனியில் வளையத்தை நாமே முறுக்கிக் கொள்ள வேண்டும். ஏழெட்டு முறுக்காவது நெருக்கமாக வர வேண்டும், இல்லாவிட்டால் சுருதி ஏற்றும்போதே உருவிக்கொண்டு வந்துவிடும்.

இந்த விஷயத்தில் சேலமும் ஏற்காடும் இரு வேறு நாடு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம் போலத்தான். ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றின் ஈரமே மாறிவிடும். உயரத்தால் கருவிக்குக் கேடில்லை, ஈரத்தால்தான். பாலாமாவின் மேல்பலகைக்கு உள்ளே கிதாருக்குப் போல முட்டுக்கட்டைகள் பெரும்பாலும் கிடையாது. மெல்லிய ஸ்ப்ரூஸ் தனியாக நிற்கிறது. அக்டோபர், நவம்பரில் ஏற்காட்டில் பனிமூட்டம் வீட்டுக்குள் வரும்போது பலகை ஈரம் குடித்து உப்பும். குதிரை உயரும். தந்தி மெட்டிலிருந்து விலகும், இடக்கை வலிக்கும். ஏப்ரல், மே மாதச் சேலத்தில் எதிர்மாறு. பலகை சுருங்கித் தாழ்ந்து, தந்தி மெட்டில் உரசி இரையும். இன்னும் காய்ந்தால் பலகை இழைவாக்கில் வெடிக்கும்.

அளவு இப்படி: கழுத்து குடத்தோடு சேரும் இடத்தில் தந்திக்கும் மெட்டுக்கும் 3 முதல் 4 மி.மீ. இடைவெளி நல்லது. 5ஐத் தாண்டினால் வாசிப்பு பாரமாகும். கூடியிருந்தால் உடனே குதிரையைச் சீவக் கூடாது, முதலில் கழுத்தைப் பாருங்கள். கீழ்த் தந்தியை முதல் மெட்டிலும் கழுத்தின் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்து நடுவில் எத்தனை இடைவெளி என்று பார்க்க வேண்டும். அரை மி.மீ. என்றால் கவலை இல்லை. 1 மி.மீ.க்கு மேல் போனால் கழுத்து வளைந்திருக்கிறது. இந்த ரகத்தில் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைப்பதில்லை, திருகி நிமிர்த்த முடியாது. தந்தியைத் தளர்த்தி, ஈரம் குறைந்த அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். திரும்பினால் சரி, இல்லாவிட்டால் வீணை, வயலின் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். கழுத்து நேராக இருந்து பலகை மட்டும் உப்பியிருந்தால் இரண்டு குதிரை வைத்துக்கொள்வதே நல்ல வழி. மழைக்காலத்துக்குக் குட்டை, கோடைக்கு உயரம். குதிரையில் 1 மி.மீ. குறைத்தால் கழுத்து முடியும் இடத்தில் 0.6 மி.மீ. இறங்கும். அந்தக் கணக்கில் சீவுங்கள்.

பிரடைகள் மரம். வயலின் பிரடை போலவே கோடையில் சுருங்கி நழுவும், மழையில் ஊதிச் சிக்கும். நழுவினால் சாக்பீஸ் தூள், சிக்கினால் காய்ந்த சோப்பு. இரண்டையும் கலக்காதீர்கள். முனை தேய்ந்த பிரடையைக் கடைசல் பட்டறையில் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லலாம். பழையதைக் கையில் கொடுத்து அதே சரிவு வேண்டும் என்று சொன்னால் போதும்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கமோ நாகலூர்ப் பக்கமோ நிரந்தரமாக வைத்திருப்பவர்கள் கெட்டியான பெட்டி வாங்கி உள்ளே சிலிக்கா ஜெல் 200 கிராம் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி உதவும். 0.18 எஃகு அந்த ஈரத்தில் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டை வேறு துணியில் தேய்த்துத் தந்தி மேல் ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி மெட்டில் ஒட்டும். சேலத்தில் கோடையானால் துளையிட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஈர ஸ்பாஞ்ச் வைத்துப் பெட்டிக்குள் விடலாம். காற்றின் ஈரம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டியில் போடுவது இந்தச் செலவிலேயே மிகப் பயனுள்ளது. வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் விடாதீர்கள், ஒட்டுப்பசை இளகிவிடும்.

மீட்டுவதற்கு கிதார் பிக் ஆகாது. தெசெனே என்று துருக்கியர் வைத்திருப்பது நீண்டு மெலிந்த நெகிழியால் ஆனது. முன்பு செர்ரி மரப்பட்டையில் செய்தார்கள். மூன்று வரிசையையும் ஒரே வீச்சில் கடந்து திரும்ப வேண்டும் என்பதால் அது வளைய வேண்டும். கெட்டியான பிக் நடுத் தந்தியிலேயே மாட்டிக்கொள்ளும். பெட்டியோடு ஒன்றிரண்டு வரும். தேய்ந்தால் மெல்லிய நெகிழித் தகட்டில் வெட்டிச் செய்து விளிம்பை உப்புத்தாளில் வழித்துக்கொள்ளலாம்.

வீணை வாசிப்பவர்கள் ஒன்றை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுக்க இங்கே வழியில்லை. மெட்டு உயரமே இல்லை, தந்தி மெலிது. அசைவு எல்லாம் விரலால் மேல் மெட்டைத் தட்டியும் உருவியும் வருபவை. தோடி தெரிந்த கை பொஸ்லாக்கில் காந்தாரத்தை ஆட்டப் போகும், அதை அடக்கப் பழக வேண்டும். மாறாக, ஒரு தந்தியிலேயே நீளமாக ஏறி இறங்கும் பழக்கம் வீணைக்காரர்களுக்கு ஏற்கெனவே உண்டு. கிதார்க்காரர்களைவிட அவர்கள் நீள்கழுத்தை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் முதல் இரண்டு மாதம் ஒரே வேலை: மூன்று தந்தியையும் மேலும் கீழுமாகச் சீராக அடித்து, சத்தம் ஏறாமல் இறங்காமல் ஐந்து நிமிடம் நிறுத்துவது. இது வராமல் பாட்டுக்குப் போனால் வரிகளின் நடுவே வரும் அந்த நீண்ட மீட்டல் அறுந்து அறுந்து விழும். தனிமை வெளிப்பட வேண்டிய இடமே அதுதான்.

மின்பாலாமா பற்றிச் சுருக்கமாக: கென்ஜெபாய் காலத்து அரபெஸ்க் ஓசை மட்டும் வேண்டும் என்றால் அதை வாங்கலாம். காந்த பிக்கப், எதிரொலி, ஃபேசர் இருந்தால் நெருங்கிவிடும். தந்தி எஃகாகவே இருக்க வேண்டும். வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டே இருக்கும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பொஸ்லாக்குக்கு இது சரிவராது.

இவ்வளவு பராமரிப்பு முடியாது, உஷ்ஷாக்கின் அந்தச் சுரத்தை மட்டும் அறிய வேண்டும் என்பவர்கள் ஸ்கேல் ட்யூனிங் வசதியுள்ள கீபோர்டில் B என்ற சுரத்தை 50 சென்ட் இறக்கி, லாவை (A) ஆதாரமாக வைத்து வாசித்துப் பார்க்கலாம். வயலின் ஒலியைத் தேர்ந்தால் அரபெஸ்க் கூட்டத்தின் சாயல் வரும். ஏறும்போது உயர்ந்தும் இறங்கும்போது தாழ்ந்தும் அந்தச் சுரம் மாறுவது அதில் கிடைக்காது.

வாங்க முடிவு செய்தவர்கள் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். தந்தியின் அதிரும் நீளம் செ.மீ.யில் எத்தனை, மெட்டு எத்தனை, கழுத்து என்ன மரம், குதிரையைக் கழற்றி அனுப்புவாரா. கழுத்தைப் பக்கவாட்டில் நட்டிலிருந்து குடம் நோக்கி எடுத்த ஒரு படமும், இரண்டாம் மெட்டை அழுத்தி வாசித்த சில நொடிப் பதிவும் கேளுங்கள். நல்ல பட்டறை தயங்காமல் இரண்டையும் அனுப்பும். துணிப்பையில் அனுப்புகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இவ்வளவு நீளமான கழுத்து வழியிலேயே முறியும். கூடவே சுற்றுத் தந்தி நான்கு, தெசெனே பத்து, உபரிக் குதிரை இரண்டு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தனியாக வரவழைத்தால் பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும்.